அளவில்லாத லீவு

அவனுக்கு வேண்டியது ஐந்து நாள் லீவு. அதை யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

கடல் கடந்து வந்து இந்தப் புதுக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதமாகியும் அவனுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. யாருக்கும் தனி அறை கிடையாது. கம்பெனியை ஆரம்பித்தவரே செருப்பை மூலையில் கழற்றிவிட்டு, தரையில் கிடக்கும் மெத்தையில் சாய்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பார். அவரை ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதற்கு அவனுக்கு நாக்கு எழவில்லை. அதனால் ஆறு மாதமாக “வந்து...” என்றே கூப்பிட்டு வந்தான். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவனை மலைக்க வைத்தது லீவு விஷயம். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: இங்கே லீவுக்கு அளவு கிடையாது, வேண்டும்போது வேண்டிய நாள் எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் வாழ்கிறார்களா என்று அன்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதுதான் தெரிகிறது, ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மொண்டு கொடுக்க ஆளில்லை.

பக்கத்து மேஜை டிசைனர் பெண்ணிடம் கேட்டான்.

“லீவு வேணும்னா யார்கிட்ட கேக்கணும்?”

“யார்கிட்டயும் கேக்க வேண்டாம். சொல்லிட்டுப் போக வேண்டியதுதான்.”

“எத்தனை நாள்?”

“உன் இஷ்டம்.”

“நீங்க கடைசியா எப்போ போனீங்க?”

அவள் திரையைப் பார்த்தாள். “நான் இன்னும் போகலை.”

“கணக்குப் பார்க்கிறவர்?”

“அவரும் போகலை. இங்க யாருமே போனதில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ போறியா?” என்றாள். அந்தக் குரலில் என்னவோ இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பா சாதாரண ஆள் இல்லை. ஊரில் ஒரு பெரிய ஆபீஸில் லீவு செக்‌ஷனின் தலைமை குமாஸ்தா. அவர் பேனா அசையாமல் அங்கே ஒருவருக்குக் காய்ச்சல்கூட வர முடியாது. இந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். பாராட்டுக் கூட்டத்தில் மகன் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பான் என்று ஆபீஸ் பூராவும் சொல்லி வைத்துவிட்டார்.

“அளவில்லாத லீவா?” என்றார் அப்பா. “கூரையைப் பிய்ச்சுக்கிட்டு குடுக்கறது தெய்வம்தான்டா. கம்பெனிக்காரன் குடுக்கமாட்டான். இதுல ஏதோ இருக்கு. ஆழம் தெரியாம காலை விடாதே.”

“இப்ப என்னப்பா பண்றது?”

“நேரா மேல இருக்கறவன்கிட்ட போ. அஞ்சு நாள் வேணும்னா பத்து நாள் கேளு. நான் எப்பவும் பாதியை வெட்டித்தான் குடுப்பேன். அவனும் வெட்டுவான்.”

அவன் மெத்தை அருகே போய் நின்றான்.

“வந்து... அப்பா ரிடையர் ஆகறார். ஊருக்குப் போகணும். பத்து நாள்.”

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை. “பத்துதானா? ஒரு மாசம் போயிட்டு வா. எப்போ கிளம்பறே?”

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை, பயத்தில்.

“ஒரு மாசமா!” என்று போனிலேயே கத்தினார் அப்பா. “கேட்டதுக்கு மேல குடுத்தான்னா, போனவன் திரும்பி வர வேண்டாம்னு அர்த்தம். நாளைக்கே போய் அஞ்சு போதும்னு சொல்லிடு.”

மறுநாள் போய்ச் சொன்னான். அவர் முகம் வாடிவிட்டது. “அஞ்சு நாள்ல என்ன பண்ண முடியும்? நல்லா யோசி. எப்போ கிளம்பறே?”

அதற்குப் பிறகு ஆபீஸே மாறிப்போனது. டிசைனர் பெண் வீட்டிலிருந்து தன் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதை எடுத்துட்டுப் போ, நிறைய பிடிக்கும்” என்றாள். அவன் வேலை, வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. எதிர் மேஜைக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்குச் சொல்லிக் குடுத்துடு, நீ இல்லாதப்போ நான் பார்த்துக்கறேன்” என்றான். கணக்குப் பார்க்கிறவர், யாரிடமும் வாய் திறக்காத மனிதர், டீ குடிக்குமிடத்தில் அவன் தோளைத் தட்டி, “தைரியமா போங்க தம்பி” என்றார். தண்டனைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல அவனுக்குக் கேட்டது.

இத்தனை கெட்டிக்காரர்கள் சேர்ந்து, இத்தனை அன்பாக, ஒருவனை வெளியே தள்ள முடியுமா என்று அவன் வியந்தே போனான். அவன் ஊரில் என்றால் ஒரு கடுதாசியை நீட்டி முடித்திருப்பார்கள். இங்கே பெட்டியும் கொடுக்கிறார்கள்.

“மூணு நாள்னு குறைச்சுப் பாரு” என்றார் அப்பா.

குறைத்தான். மெத்தையில் இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒரே நாள்னு சொல்லு.”

“ஒரு நாள்ல வந்து இறங்கறதுக்கே நேரம் சரியா இருக்கும்ப்பா.”

“அப்போ...” என்று ஆரம்பித்த அப்பாவிடம் அடுத்த யோசனை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லீவு விஷயத்தில் அவர் திகைத்து நின்றார்.

அவன் இரண்டு நாள் யோசித்தான். இந்த வேலை போனால் இந்த நாட்டிலும் இருக்க முடியாது. இங்கே பார்த்ததில் பாதிகூட இன்னும் அவனுக்குப் புரியவில்லை, எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நெஞ்சு நிறைய இருந்தது. மூன்றாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டான்.

“நான் வரலைப்பா. வேலை போயிடும்போல இருக்கு.”

அந்தப் பக்கம் பேனாவை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

“பரவாயில்லப்பா” என்றார் அப்பா. “வேலைதான் முக்கியம். முன் வரிசையில யாராவது உட்காருவாங்க.” பிறகு சொன்னார்: “ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் லீவு குடுத்தேன். என் பையனுக்குக் குடுக்க என்னால முடியலை, பாரு.”

போனை வைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு நேராக மெத்தை அருகே போனான். அவர் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“வந்து... எனக்கு லீவே வேண்டாம். நான் எங்கயும் போகலை.”

ஹாலில் விரல்கள் தட்டுகிற சத்தம் நின்றது. டிசைனர் பெண் தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள். கணக்குப் பார்க்கிறவர் “போச்சு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

மெத்தையில் இருந்தவரின் சிரிப்பு அப்படியே நின்றது. போனை வாயருகே கொண்டுபோய், “அம்மா, அந்தப் பையன் போகலையாம்” என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, போனை அவனிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தான். வயதான குரல் ஒன்று கெஞ்சியது:

“தம்பி, லீவு கேட்ட பிள்ளை நீதானாப்பா? ‘கம்பெனியை ஆரம்பிச்சவனே முதல்ல லீவு எடுத்தா நல்லா இருக்காதும்மா, யாராவது ஒருத்தர் கிளம்பட்டும், மறுநாளே வந்துடறேன்’னு என் மகன் நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான். அங்க ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க. உனக்குப் புண்ணியமாப் போகும், நீ கிளம்புப்பா. நீ உங்க அப்பாவைப் போய்ப் பார்த்தாத்தான் நான் என் பிள்ளையைப் பார்க்க முடியும்.”