அரை ஆயுள் நிபுணர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் எது உடைந்தாலும், சாய்ந்தாலும், புகைந்தாலும், காலையில் அதைப்பற்றி ஒன்றுமே தெரியாதவர்களாகப் பல் துலக்கப் போய், மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அந்தத் துறையில் முப்பது வருஷம் ஊறியவர்களாகத் திரும்பி வருவார்கள். விமானம் காணாமல் போனால் விமானி. பாலம் இடிந்தால் இன்ஜினீயர். கிருமி பரவினால் டாக்டர். அதுவும் சாதா டாக்டர் இல்லை, மற்ற டாக்டர்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது என்று சொல்கிற டாக்டர். படிப்பு, பரீட்சை, பட்டம் எதுவும் கிடையாது. டி.வி.யின் அடியில் சிவப்புப் பட்டை ஓடினால் போதும், ஞானம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்றை உங்களுக்குக் காட்டப்போகிறேன். பயப்படாமல் கிட்டே வாருங்கள். கடிக்காது. பேசும், அவ்வளவுதான்.

குழாய், பம்பு, வாஷர், ஷவர், வாஷ்பேசின், தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் மிதக்கிற பந்து என்று குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் அவர் மூத்த விற்பனையாளர். கடையில் அவருக்குப் பெயர் 'நேரலை'. முதலாளி வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரே வந்து, "நேரலை சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கோபம் வந்ததா என்கிறீர்களா? உள்ளூரப் பெருமை. அன்று வந்தவருக்கு ஒரு சோப்புப் பெட்டி இலவசமாகக் கிடைத்தது.

அன்றைக்குக் கடை திறந்து, கண்ணாடியெல்லாம் துடைத்து, யாரோ சுவர் டி.வி.யைப் போட்டார்கள். சிவப்புப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்து அணுமின் நிலையத்தில் குளிர்விக்கும் பம்புகள் நின்றுவிட்டன. உலையில் சூடு ஏறுகிறது. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

நேரலை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"பம்பா?" என்றார்.

யுரேனியம், நியூட்ரான் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட மனிதர் கொஞ்சம் தயங்கியிருப்பார். பம்பு என்று சொல்லித் தொலைத்துவிட்டார்களே! ஆயுசில் பாதியை அவர் கழித்தது எதோடு? பம்போடு.

"அட, இது நம்ம சமாச்சாரம்ப்பா! எல்லாம் தண்ணி விவகாரம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஃப்ளஷ் தொட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். அது உலை. மேலே ஒரு ஷவரைப் பிடித்தார். அது குளிர்விக்கும் தண்ணீர். மிதக்கிற பந்தை எடுத்து உள்ளே போட்டார். அது என்ன என்று அவருக்கே கொஞ்ச நேரம் புரியவில்லை, ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று வந்த ஓர் அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரு வாஷர் கேட்டேனே..."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன், அவங்களுக்கும் வாஷர்தான் போயிருக்கும்!"

பக்கத்தில் நின்ற பிளம்பர் அக்கறையோடு கேட்டார்: "எவ்வளவுண்ணே கசிஞ்சிருக்காம்?"

"மணிக்கு இருபது மில்லி" என்றார் நேரலை, பட்டையில் ஓடிய 'மில்லிசீவர்ட்' என்ற கதிர்வீச்சு அளவின் வாலை விழுங்கிவிட்டு.

"இருபது மில்லியா? அதுக்கா இந்தக் கூப்பாடு? எங்க வீட்டுக் குழாயில அதைவிட ஜாஸ்தி சொட்டுதே."

நேரலை இரக்கத்தோடு சிரித்தார். "இது அந்த மில்லி இல்லப்பா."

"வேற எந்த மில்லி?"

"அதாவது..." என்றார் நேரலை.

இந்த 'அதாவது'வை நீங்கள் கவனிக்க வேண்டும். நானும் நீங்களும் 'அதாவது' என்றால், தெரிந்ததை இன்னும் விளக்கமாகச் சொல்லப்போகிறோம் என்று பொருள். அவர் சொன்னால், தரை எங்கே இருக்கிறது என்று காலால் துழாவுகிறார் என்று பொருள். நல்ல வேளையாக அந்த நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது.

தங்கை. ஒரே தங்கை. கல்யாணமாகிக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போனவள். கணவனுக்கு அங்கே மீன் பதப்படுத்தும் கிடங்கில் வேலை. மடியில் இன்னும் தவழ ஆரம்பிக்காத பெண் குழந்தை.

"அண்ணா, டி.வி. பாத்தியா? இங்க எல்லாரும்..."

"பாக்காம இருப்பேனா? நீ ஒண்ணும் கவலைப்படாதே. முதல்ல உலைன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். ஒரு தொட்டின்னு வச்சுக்கோ..."

தொட்டி, ஷவர், பந்து எல்லாவற்றையும் அவள் கேட்டாள். குழந்தை அழுவதும் நடுநடுவே கேட்டது. கடைசியில் "சரிண்ணா, பாப்பா அழறா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்க வேண்டும் என அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? மேஜையைச் சுற்றி அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்களே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். நிலையத்தின்மேல் ஒரு பாத்திர மூடியைக் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலால் வட்டம் போட்டார். அதிகாரிகள் ஆட்களை வெளியேற்றிய வட்டம் அதுதான் என்றார். அளவு சரியா என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்தது அந்த மூடிதான். மனைவி மேஜையின் மறுகோடியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போ காத்து இப்படி அடிக்குது. பிரச்சினை இல்லை. ஆனா நாளைக்கு இப்படித் திரும்பிச்சுன்னு வையி, இந்தப் பக்கம் இருக்கறவங்க கதி அவ்வளவுதான். அதுலயும் மழை பேஞ்சா, எல்லாம் அவங்க தலைமேலதான் இறங்கும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ருசி இருந்தது.

மனைவி கத்தியை வைத்தாள். "அந்தப் பக்கம்தானேங்க உங்க தங்கச்சி இருக்கா?"

நேரலை குனிந்து பார்த்தார். அட, ஆமாம்.

"அவ ஊரு வட்டத்துக்கு வெளியதான் இருக்கு."

"எவ்வளவு வெளிய?"

"ஒரு விரல் அகலம்."

"வரைபடத்துல ஒரு விரல். தரையில எவ்வளவுங்க?"

"அதாவது..." என்றார் நேரலை.

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தங்கைக்குத் தைரியம் சொல்ல வேண்டும். நேராக அவளுக்கே ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஒருவருக்கு மட்டும் சொல்லி வீணாக்குவது இந்த இனத்தின் பழக்கமில்லை. சித்தப்பா, பெரியம்மா, அத்தை, அவர்கள் பெற்றது, அவர்கள் கட்டியது என்று மொத்தக் குடும்பமும் இருக்கிற செல்போன் குழுவில் தம் குரலையே பதிவு செய்து அனுப்பினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. காத்துல அயோடின் கலந்திருக்கு. யாரும் பயப்பட வேண்டாம். அதுக்கு அரை ஆயுள் எட்டு நாள்தான்."

உண்மையில் இது ஆறுதலான சேதி. அந்த அயோடினின் கதிர்வீச்சு எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் பாதியிலும் பாதியாகும், இப்படியே தேய்ந்து போகும் என்று அர்த்தம். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் அரை ஆயுள். வைத்தவர்கள், இது ஒருநாள் அவருடைய அத்தையின் காதில் விழும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். அத்தை அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஆயுள் பாதி. அந்தப் பாதியும் எட்டு நாள். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. விடிந்ததும் முதல் வேலையாக நேரலையின் தங்கைக்குப் போன் போட்டார்.

"என் கண்ணு, அரை ஆயுசுதானாம்டி! அதுவும் எட்டு நாளாம்! உங்க அண்ணன் வாயாலயே சொல்லிட்டான்!"

அன்று காலை சிவப்புப் பட்டை இரண்டு பட்டையாகியிருந்தது. நிலையத்தின் கட்டடம் ஒன்றின் கூரை வெடித்துப் பறந்தது. வெள்ளைப் புகை எழும்பும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு சேனலில் கண்ணாடி போட்ட நிபுணர் "பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அடுத்த சேனலில் கண்ணாடி போடாத நிபுணர் "தாமதம் செய்யாதீர்கள்" என்றார். கடையில் நேரலையைச் சுற்றிக் கூட்டம். முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றார். தொட்டியின் மூடியைத் தூக்கி, "கூரை போயிடுச்சு, சரி. இப்போ உள்ள என்ன நடக்குதுன்னா..." என்று நேரலை ஆரம்பிக்கும்போது தங்கையின் போன்.

"அண்ணா, அத்தை என்னென்னவோ சொல்லி அழறாங்க. அரை ஆயுசுன்னு நீ சொன்னியாமே?"

"ஐயையோ, அது அந்த அர்த்தம் இல்லம்மா! அதாவது..."

"அதாவது எல்லாம் வேணாம்ணா. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு." அவள் மூச்சு விடாமல் அடுக்கினாள். "எதிர்வீட்டுல கிளம்பிட்டாங்க. பக்கத்து வீட்டுல ஜன்னலை மூடிட்டு உள்ளயே இருக்காங்க. ரேடியோல வெளிய வராதீங்கன்னு சொல்றான். இவருக்கு லீவு கிடையாதாம், போனா வேலையும் போயிடுமாம். வெளிய கூட்டிட்டுப் போனா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா, இங்கயே இருந்தா ஆயிடுமா? நீதான் எல்லாம் படிச்சிருக்கியே. கிளம்பவா? இருக்கவா? ஒரே வார்த்தை சொல்லு."

நேரலை வாயைத் திறந்தார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

இருக்கச் சொல்லலாம். காற்று திரும்பிவிட்டால்? கிளம்பச் சொல்லலாம். வழியெல்லாம் நெரிசலாகி, கைக்குழந்தையோடு வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால்? இரண்டு நாளாக எதை எதையோ சொல்லியிருந்தார்; அதில் ஒன்றுகூட ஒரு குழந்தையின்மேல் போய் விழுகிற வார்த்தையாக இருக்கவில்லை. இதுதான் முதல். தொட்டியைப் பார்த்தார். ஷவரைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"தெரியலம்மா" என்றார். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியல."

அந்தப் பக்கம் தங்கை போனை முகத்திலிருந்து விலக்கி வீடு அதிரக் கத்துவது கேட்டது.

"ஏங்க! பையை எடுங்க! எங்கண்ணனே தெரியலைன்னுட்டான்ங்க! வேலை போனாப் போகுது, கிளம்புங்க!"

போன் அணைந்தது.

பிறந்ததிலிருந்து அண்ணனின் வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல் அது. எந்த நிபுணரின் எச்சரிக்கையும் செய்யாத வேலையை அது செய்துவிட்டது.

நேரலை தாமே எழுந்துபோய் டி.வி.யை அணைத்தார். கடை திடுக்கிட்டது. "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்று முதலாளி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அதன்பிறகு நேரலை திரும்பத் திரும்பத் தங்கைக்குப் போன் போட்டார். தொடர்பு கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, கிடைக்கவே இல்லை. வெளியே லேசாகத் தூறல் போட்டது. மழையில் எது இறங்கும், யார் தலையில் இறங்கும் என்று நேற்றுச் சாயங்காலம் தாம் மனைவிக்கு ருசித்து ருசித்து விளக்கியதெல்லாம் இப்போது அவருக்கே ஒலிபரப்பானது. அங்கே மழையா என்று தெரியவில்லை. பஸ் கிடைத்ததா என்று தெரியவில்லை. அந்தப் பாவி மனிதர் அன்று பயந்ததுபோல் வாழ்நாளில் பயந்ததில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தில் தலை கலைந்து, சேலை கசங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை இரண்டு பைகளோடு. நேரலை குழந்தையை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதார். அது அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்தது.

முந்திய நாள் இரவே அதிகாரிகள் வட்டத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். தங்கையின் ஊர் அதற்குள் வருகிறதா இல்லையா என்பதில் இரண்டு சேனல்களுக்கும் இரண்டு கருத்து.

இத்தோடு மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நாமெல்லாம் அப்படித்தான், பாவம்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நேரலை காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "நிலைமையை நல்லா அலசிப் பாத்தேன். காத்து, மழை, தூரம் எல்லாத்தையும் கணக்குப் போட்டேன். ஒரே வார்த்தைதான் சொன்னேன். உடனே கிளம்பிட்டாங்க."

அறைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தங்கை உரக்கச் சிரிப்பது கேட்டது. "என்ன வார்த்தைன்னும் சொல்லுண்ணா!"

"அதாவது..." என்றார் நேரலை.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. உண்மையில் அந்தப் பம்புகள் ஏன் நின்றன என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கோ இந்நேரம் ஒரு காரணம் தோன்றியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் லேசாகத் திறந்தும் இருக்கும். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் உங்களுக்கும் யாராவது இருப்பார்கள்.