உப்புக் குப்பி மேலாளர்கள்

எங்கள் கால்டர் பே ஊரில் கோடை வந்ததும் மூன்று உயிரினங்கள் கிளம்பும். கொசு, கரடி, உப்புக் குப்பி மேலாளர். முதல் இரண்டையும் சமாளிக்கக் கடையில் ஏதாவது விற்கிறார்கள். மூன்றாவதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே அந்த இனம்தான்.

ஏரியில் பனி உருகி, ஊரின் ஐஸ் ஹாக்கி அணி வழக்கம்போலக் கடைசி இடத்தில் பருவத்தை முடித்து, ஆட்ட அரங்கத்தில் ஐஸை வழித்தெடுத்துவிட்டு அதே இடத்தில் பழைய படகுகளை விற்பனைக்கு நிறுத்துகிற நாளில் இந்தப் பிராணி கண் விழிக்கும். நேரே மேவிஸ் கடைக்குப் போகும். மூலை மேசையில் உட்காரும். காப்பி வருவதற்குள் மேசைமேல் இருக்கிற சாமான்களை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உப்புக் குப்பிதான் கோல் காக்கிற கோலி. மிளகுக் குப்பியும் கடுகு சாஸும் தடுப்பாட்டக்காரர்கள். சர்க்கரைப் பொட்டலங்கள் முன்வரிசை. பிறகு ஒவ்வொன்றாக மேசை ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்துக்குப் போனால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

"டேல், பக்கத்து மேசைக்கு மிளகு வேணுமாம். உன் தடுப்பாட்டக்காரனைக் குடு" என்பாள் மேவிஸ்.

"எடுத்துக்கோ. அவனுக்கு வேகம் போயிடுச்சு" என்பேன் நான்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட அணியில் நான் பெஞ்சைச் சூடாக வைத்துக்கொண்டவன். கடைசியாகக் காலில் ஸ்கேட் கட்டியது என் மைத்துனன் கல்யாணத்துக்கு முந்தின நாள். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையைவிட என் மாவுக்கட்டு நன்றாக விழுந்திருக்கிறது. அதனால் என்ன? சமைக்கத் தெரியாதவன் சாப்பாட்டில் குறை சொல்வதில்லையா? எங்கள் இனத்துக்கு வேண்டியது மூன்றே வாக்கியம். "நான் அப்பவே சொன்னேன்." "வேகம் போயிடுச்சு." "அடியோட மாத்தணும்." இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு கோடையையே ஓட்டிவிடலாம்.

அடியோடு மாற்றுவதும் எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் விளையாடுவது லீக்குகளிலேயே அடிமட்ட லீக். ஆட்டக்காரனுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். கொடுக்கிற சம்பளத்தில் வீடு பிடிக்க முடியாது என்பதால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு ஆட்டக்காரனை வீட்டில் வைத்துக்கொள்வோம். அவன் நம் மேசையில் சாப்பிடுவான், நம் துண்டில் தலை துவட்டுவான், நம் நாயைக் கெடுப்பான். எதிர்வீட்டு கென் போலெட்டி வீட்டில் கோலி ஷெல்டன். எங்கள் வீட்டு அடித்தள அறையில் தடுப்பாட்டக்காரன் ட்ரென்ட்.

ட்ரென்டுக்கு முப்பது தாண்டிவிட்டது. முன்பல் இரண்டு கிடையாது. கோடையிலும் ஊருக்குப் போகாமல் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் என் படகுத்துறைப் பலகைகளை மாற்றிக்கொண்டு, என் மனைவி கரோல் சுடுகிற, இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைச் சாஸில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். பாஸ்டிக்குச் சாஸா, குழம்பா என்பதில் எங்கள் ஊரில் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. கரோல் குழம்புக் கட்சி. ஆனால் ட்ரென்டுக்காகச் சாஸ் வாங்கி வைத்தாள். அவள் என்மேல் அவ்வளவு அன்பு காட்டி நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஒரே ஒரு சீசன் இங்க ஆடிட்டா போதும்மா. அப்புறம் அப்பாவோட கோதுமைக் காட்டுக்கே போயிடுவேன். அங்க போயிட்டா ஸ்கேட்டை ஆணியில மாட்ட வேண்டியதுதான்" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். கரோல் அவன் தட்டில் இன்னொரு பாஸ்டி வைத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். தலையை ஆட்டினேன். காதில் வாங்கினேனா என்பது வேறு விஷயம்.

எங்கள் இனத்தின் முதல் சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்: எல்லாரையும் தூக்க வேண்டும், நம் வீட்டில் சாப்பிடுகிறவனைத் தவிர. கென் தினமும் ட்ரென்டை மேசை ஓரத்துக்குத் தள்ளுவான், நான் ஷெல்டனைத் தள்ளுவேன். இரண்டு பேரும் அடுத்தவர் பார்க்காத நேரத்தில் அவரவர் ஆளை மறுபடி நடுவுக்கு நகர்த்திவிடுவோம். இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் சேதமில்லை. உப்பு கொஞ்சம் சிந்தியிருக்கும், அவ்வளவுதான்.

அப்போதுதான் புதுக் கோச் வந்து சேர்ந்தார். வெஸ் கலஹன், டெக்சாஸ்காரர். அவரை ஏரிக்கரையில் இருக்கிற என் சானாவுக்கு அழைத்தோம். எங்கள் பக்கத்தில் புது ஆளை வரவேற்பது என்றால் அதுதான்: மர அறையில் சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி, எழும்புகிற ஆவியில் துணியில்லாமல் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவது. என்னுடையது என் தாத்தா கட்டியது. வெளியே இருந்து விறகு போடுகிற அடுப்பு. வீட்டுக்காரன் கடைசிக் குவளை ஊற்றும்வரை விருந்தாளி பலகையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் அவன் சாகும்வரை 'இறங்கினவன்' தான். வரும் வழியிலேயே கென் இதைக் கோச்சுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தான்.

"அடியோட மாத்தணும் கோச். முதல்ல கோலி. பந்து வர்ற திசை தெரியாது அவனுக்கு" என்று ஆரம்பித்தேன். உண்மையில் எங்கள் ஆட்டத்தில் பந்தே கிடையாது, ரப்பர் வட்டுதான். ஆவேசத்தில் அதெல்லாம் யார் பார்த்தார்கள்?

"ஷெல்டனைச் சொல்றியா? உன் வீட்டு ட்ரென்டைச் சொல்ல வாய் வரலையே! ஆமை கூட அவனைத் தாண்டிப் போயிடும். வீட்டுல சோறு போடறேங்கிறதுக்காக ஊர் அணியைக் கெடுப்பியா டேல்?" என்றான் கென்.

கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. அந்தப் பார்வையில்தான் நான் விழுந்தேன். ஒரு நிபுணனைப் பார்த்துப் பாசம் இருக்கிறது என்று ஒருவன் சொல்லிவிடுவதா? எழுந்து நின்றேன். இடுப்பில் துணியில்லாத மனிதன் எவ்வளவு கம்பீரமாக நிற்க முடியுமோ அவ்வளவு கம்பீரமாக.

"என் வீட்டுப் பையனா இருந்தா என்ன? அவனுக்கும் வேகம் போயிடுச்சு. அவனையும் தூக்குங்க கோச். ஒருத்தனையும் விடாதீங்க!"

அறை வழக்கத்தைவிடத் தகித்தது. கற்கள் சீறின. கோச் தலையாட்டினார். கென் இன்னொரு பெயர் சொன்னான், அதற்கும் ஆட்டினார். நான் இன்னொன்று சொன்னேன், வேகமாக ஆட்டினார். என் வாழ்க்கையில் என் பேச்சை இப்படிக் கேட்ட மனிதர் வேறு யாருமில்லை. கடைசிக் குவளையை ஊற்றியதும் அவர் கதவை உடைக்காத குறையாக ஓடி ஏரியில் விழுந்தார். உற்சாகம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கிளப் அறிவித்தது. பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் நன்றி, போய் வாருங்கள். எல்லாரும் என்றால் எல்லாரும். கோலியிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் கொடுக்கிற ஆள்வரை.

மேவிஸ் கடையில் கென் என்மேல் பாய்ந்தான். "ஷெல்டனை நிஜமாவே தூக்கிட்டாங்கடா! நான் சும்மா பேச்சுக்குத்தானேடா பேசினேன்!"

"நானும் பேச்சுக்குத்தான்டா சொன்னேன்!"

அன்று முழுக்க உப்புக் குப்பியை யாரும் தொடவில்லை.

ட்ரென்ட் பையைக் கட்டிக்கொண்டு அடித்தளத்திலிருந்து படி ஏறி வந்தான். நாய் அவன் காலை விடவில்லை. கரோல் ஒரு பொட்டலம் பாஸ்டியும் அந்தச் சாஸ் பாட்டிலும் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"இந்தக் கிளப்காரங்களுக்கு விவஸ்தையே இல்ல, ட்ரென்ட். உன்னை மாதிரி ஒருத்தனைப் போய்..."

"விடுங்க டேல்" என்றான். "அன்னைக்கு சானா அடுப்புக்கு விறகு போட்டது யாருன்னு நெனச்சீங்க?"

என் சானாவுக்கு அந்தக் கோடை முழுக்க விறகு போட்டவன் அவன்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் இருப்பான் என்பது எனக்கு அன்று நினைவே வரவில்லை.

"வேகம் போயிடுச்சுன்னீங்களா, கோவத்துல நாலு கட்டையை ஒண்ணாப் போட்டுட்டேன். பாவம் அந்த ஆளு. டெக்சாஸ்காரர், சானாவே புதுசு, இறங்கவும் கூடாது. தலையாட்டினாத்தான நீங்க பேச்சை முடிப்பீங்க? ஆட்டிட்டு அப்புறம் மாத்திப் பேசினா, அதுவும் இறங்கின மாதிரிதான?" ஓட்டைப் பல்லோடு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "துறையில கடைசிப் பலகைக்கு இன்னும் ஆணி அடிக்கல. மழைக்கு முன்னாடி அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. அந்த ஆணியை இன்றுவரை நான் அடிக்கவில்லை.

இப்போது புது அணி வந்துவிட்டது. எல்லாரும் வேகமாக ஓடுகிறார்கள், எந்தப் பக்கம் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். கரோல் அவனுக்கு மாடியில் என் அறையைக் கொடுத்துவிட்டாள். நான் அடித்தளத்தில், ட்ரென்டின் கட்டிலில். ஏன் என்று கேட்டதற்கு, "அடியோட மாத்தறேன்" என்றாள்.

மரத் தரை. மேலே பேசுவதெல்லாம் கீழே கேட்கும். நேற்று கென்னின் மனைவி வந்திருந்தாள். கோப்பைகளை மேசைமேல் நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் கரோலின் குரல்: "என்ன பண்றது டோனா, அவருக்கும் வேகம் போயிடுச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஐஸையே கண்ணால் பார்க்காத ஊரில் இருக்கிறோம், நமக்கென்ன என்று. சரி. டீக்கடையில் உட்கார்ந்து மந்திரிசபையை மாற்றவில்லையா? அலுவலகத்தில் இல்லாதவன் நாற்காலியைக் காலி செய்யவில்லையா? தாராளமாகச் செய்யுங்கள், நானா தடுக்கிறேன்? "அவனைத் தூக்கணும்" என்று குரலை உயர்த்துவதற்குமுன் மட்டும், திடீரென்று ஏன் இவ்வளவு சுடுகிறது என்று வெளியே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.