பானெட் வைத்தியர்

நின்றுபோன காரின் பானெட்டைத் திறந்து வையுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். எங்கிருந்தோ ஒருவர் வந்து நிற்பார். அவர்தான் பானெட் வைத்தியர். மெக்கானிக் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். மெக்கானிக்கின் கையில் கரி இருக்கும், "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். நம்மவர் கை சுத்தமாக இருக்கும். பார்க்காமலே சொல்லிவிடுவார்.

வந்ததும் 'ப்ச்' கொட்டுவார், இடுப்பில் கை வைப்பார், சம்பந்தி வீட்டுச் சமையலறையை நோட்டம் விடுவதுபோல இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்பார், கைக்கு அகப்பட்ட ஒயரை ஒரு ஆட்டு ஆட்டுவார், பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்பார். "இப்பத்தாங்க" என்று சொல்லிப் பாருங்கள், நம்பவே மாட்டார். நோய் முற்றியிருந்தால்தானே வைத்தியருக்கு மதிப்பு?

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், இந்த இனத்தில் முதல் வரிசை. போன வாரம் அவர் மகளுக்குக் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. எட்டு மாதமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு வந்த முதல் அழைப்பு. பாவம், இரவெல்லாம் தூங்கவில்லை. கார் என்னுடையது, ஓட்டியவன் நான். பக்கத்தில் அத்தான். பின்சீட்டில் அவள், மடியில் சான்றிதழ் ஃபைல்.

ஒன்பது மணிக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். டேங்க் நிறைந்ததும் குழாய் 'டக்' என்று தானாக நின்றது. பெட்ரோல் போட்ட அம்மா குழாயை எடுக்கப் போனார். அத்தான் விடுவாரா? கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"எடுக்காதீங்கம்மா. அது சும்மா நிக்கும். இன்னும் அழுத்துங்க, கழுத்து வரைக்கும் வரணும்."

"தானா நின்னா போதும் சார். அதுக்கு மேல வேணாம்."

"இருபது வருஷமா இப்படித்தாம்மா போடறேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அழுத்தினார். 'டக்'. மறுபடியும் 'டக்'. பெட்ரோல் டேங்க் வாயில் தளும்பிய பிறகுதான் அத்தானுக்கு மனசு நிறைந்தது. மூடியைத் தம் கையாலேயே திருகிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் கர் கர்ரென்று சுற்றியது, கிளம்பவில்லை. காற்றடிக்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தோம்.

திறந்ததுதான் தாமதம்! பைக்குக்குக் காற்றடிக்க வந்தவர் "பேட்டரி" என்றார். "பேட்டரி போனா இவ்வளவு நல்லா சுத்துமா?" என்று அத்தான் அவரை ஒரே வெட்டாக வெட்டினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். அத்தான் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்து, "பெட்ரோல் பம்ப் அவுட். இழுத்துக்கிட்டுத்தான் போகணும்" என்று தீர்ப்பு எழுதினார். நானா? நான் ஒன்றுமே சொல்லவில்லை. 'ஃபியூஸா இருக்குமோ' என்று மட்டும், அதுவும் மூன்று தடவைதான்.

"மாமா, மணி ஒன்பது இருபது. டாக்சி வர அரை மணி நேரம் ஆகுமாம்" என்றாள் அக்கா மகள். குரல் உடைந்திருந்தது. யார் காதில் விழுந்தது? தலைமையாசிரியர் எழுபதுகளில் தம் கார் மலையேறிய கதையில் பாதி வழியில் இருந்தார்.

"சார், ஆக்ஸிலரேட்டரை..." என்று பெட்ரோல் போடும் இடத்திலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இரும்மா, இங்க முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அத்தான்.

அக்கா மகள் ஃபைலைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த அம்மாவிடம் இரண்டே வார்த்தை கேட்டாள். திரும்பி வந்து, "பானெட்டை மூடுங்கப்பா" என்றபடி என் இடத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னா அவ?"

"தளும்பத் தளும்ப ஊத்தினதுல ஆவி போற குழாய்க்குள்ள பெட்ரோலே போயிடுச்சாம். இன்ஜினுக்குக் காத்து வேணுமாம். ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்பணும்."

"மிதிக்காதே! இன்ஜின் போயிடும்!"

மிதித்தாள். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஒரு தும்மல். மூன்றாவது தடவை கரும்புகையோடு ஒரு உறுமல். கிளம்பிவிட்டது! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஏறுங்கப்பா."

"இரும்மா, இது எப்படிக் கிளம்பிச்சுன்னு இவங்களுக்கு..."

அவள் இருக்கவில்லை. எங்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் உள்ளே போய்விட்டதாகப் பிறகு தகவல் வந்தது.

கார் கண்ணுக்கு மறைந்ததும் அத்தான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பெட்ரோல் ஜாஸ்தி ஆயிருக்கும்னு நான் முதல்லயே நினைச்சேன்." தலைமையாசிரியர் ஆமோதித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் தலையும் ஆடியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கார் நின்றுபோனது என்று படித்த உடனே, "இதுதான் கோளாறு" என்று உங்கள் வாய் முணுமுணுக்கவில்லையா? காரைப் பார்க்காமலே? அப்படியானால் வாருங்கள், காற்றடிக்கும் மூலையில் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது. உங்களை ஏற்றிக்கொள்ளவும் அந்தக் கார் நிற்கப் போவதில்லை.