ஆண்டகையின் தொப்பிக்கு இரண்டு வால்

மற்றவர்கள் சொத்துக்காகப் பொறாமைப்படுவார்கள். நான் ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைக்காகப் பொறாமைப்பட்டேன்.

கீழ்வேளூர்ப் பக்கம் வரப்பெல்லாம் செங்கொடி நின்ற காலம். கூலி நெல்லை ஏற்றிக் கேட்டவர்களில் சவரிமுத்துவின் அப்பாவும் ஒருவர்; எங்கள் வயலில் வேலைசெய்தவர். அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற சடங்கை நடத்த, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் வந்தார்; ஊரில் அவரை ஆண்டகை என்போம். பூசையில் அவருடைய கூம்புத் தொப்பியைப் பிடிக்கப் பங்குச் சாமியார் சவரிமுத்துவைத் தேர்ந்தெடுத்தார். பி.ஏ. படித்த நான் இருக்கும்போது! (அவனும் பி.ஏ.தான். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.) மிஷன் பள்ளியில் ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது, இருவரும் மனுப் போட்டிருந்தோம். தொப்பி யார் கையிலோ, வேலையும் அவனுக்குத்தான் என்று ஊரே பேசியது.

ஆயர் செபம் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார், உட்கார்ந்தால் அணிவார். இடையில் அதை வெறுங்கையால் தொடக்கூடாது. தோளில் போட்ட பட்டுத்துணிக்குள் கையை விட்டுத்தான் பிடிக்க வேண்டும். (எங்கள் ஊரில் மிராசுதாருக்கும் கூலிக்காரருக்கும் பொதுவாக இருந்த ஒரே தீட்டு அதுதான்.) தொப்பியின் பின்புறம் இரண்டு பட்டு நாடாக்கள் தொங்கும்.

பூசைக்கு முதல்நாள் சவரிமுத்து என்னிடம் வந்தான். "சின்னய்யா, அந்த வாலு ரெண்டும் எந்தப் பக்கமுங்க?"

"முன்னாடிடா. ரோமாபுரியிலயே அப்படித்தான்."

"மூஞ்சில தொங்காதுங்களா?"

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

மறுநாள் அவன் நீட்டியதை வாங்கி, வயதான ஆயர் அப்படியே தலையில் வைத்துக்கொண்டார். நாடாக்கள் மூக்கின் இருபுறமும் தொங்கின. ஒன்றை விலக்கி, ஒற்றைக் கண்ணால் சபையைப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தலைகுனிந்து, மிகுந்த பக்தியோடு சிரித்தேன்.

பூசை முடிந்ததும் சாமியார் கத்தினார்: "யாருடா இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

சவரிமுத்து என்னைப் பார்த்தான். அவன் அப்பா அறுவடைக்கு எங்கள் வயலில்தான் இறங்க வேண்டும்.

"நானே மறந்துட்டேன் சாமி."

வேலை எனக்கு வந்தது. உண்மையைச் சொல்லும் தைரியம் ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. ஒரு மார்கழிக் காலையில் சவரிமுத்துவின் வாசலில் போய் நின்று சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும் வாத்தியாரே," என்றார். "தலையக் காட்டுங்க."

என் குரங்குக் குல்லாயைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, கண்ணை மறைக்கும்படி மாட்டிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டுக்கு வந்து அதையே செய்கிறார். "ஆண்டகை வந்துட்டாரு!" என்று பேரப்பிள்ளைகள் கூத்தாடுகிறார்கள். அவர் கிளம்பும்வரை நான் குல்லாயைத் திருப்புவதில்லை.