பாதியில் நின்ற சால்வை

நாலரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே கேட்டைத் திறந்தார்கள். அப்போது அசரியாவின் மடியில் முக்கால்வாசி முடிந்த சால்வை கிடந்தது, இரண்டு நீள ஊசிகளோடு.

"அக்கா, வந்துட்டாங்க."

"அதை எங்கயாவது போடுடா."

எங்கேயும் போட நேரமில்லை. நாற்காலியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். ஊசி தொடையில் குத்தியது. சிரித்தபடியே கைகூப்பினான்.

"தம்பியால எழுந்திருக்க முடியலை, மன்னிச்சுக்கணும்," என்றாள் அக்கா மெட்டில்டா. "கால்ல சுளுக்கு."

மெட்டில்டா பள்ளிக்கூட டீச்சர். பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டி போட வைப்பவள்.

வந்தவர்கள் இரண்டு பேர். குரோம்பேட்டையில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி, அவருடைய தங்கை ஞானம்மாள். வேதசிரோமணியின் மகள் தபீதாளுக்காக அசரியாவைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் போட்டோ ஒரு வாரமாக அசரியாவின் பைபிளுக்குள் இருந்தது. அந்த வாரம் அவன் பைபிளை எடுத்ததுபோல வாழ்நாளில் எடுத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டி.பி. வந்து அவன் சானடோரியத்தில் பதினாலு மாதம் இருந்தான். படுக்கையில் கை சும்மா இருக்கக்கூடாது என்று அங்கே பின்னல் பழக்கினார்கள். நோய் போய்விட்டது, பின்னல் போகவில்லை. அவர்கள் ஊரான இரும்புலியூரில் சால்வை போர்த்திக்கொள்ள மார்கழியில் பத்து நாள் கிடைத்தால் அதிகம். அவன் டிரங்குப் பெட்டியிலோ பதினோரு சால்வை இருந்தன.

இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் சானடோரியம் என்ற சொல்லோடு முடிந்துபோனது. ஒரு வீட்டார் காபியைக்கூடத் தொடவில்லை. அதிலிருந்து, ரயில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்றால் அசரியா கண்ணை மூடிக்கொள்வான். ஆம்பளை பின்னுகிறான் என்று தெரிந்தால், எங்கே கற்றாய் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதனால் இந்தத் தடவை ஊசி, நூல் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

வேதசிரோமணி குனிந்து எதையோ எடுத்தார். நீல நிற உல்லன் நூல்கண்டு. அவர் காலடி வரை உருண்டு போயிருந்தது.

"யாரோடது இது?" என்று கேட்டுக்கொண்டே நூலைச் சுற்ற ஆரம்பித்தார். எதையும் அதனிடத்தில் வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. சுற்றிக்கொண்டே ஒவ்வொரு அடியாக நடந்து வந்தார். கடைசியில் அவன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நூல் உங்களுக்கு அடியில போகுதே."

வேறு வழியில்லை. எழுந்தான். சுளுக்கு ஞாபகம் வந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டான்.

"அது அக்கா பின்றது, சார்."

ஞானம்மாள் சால்வையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரத்துப் பூவேலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்கே," என்றார் வேதசிரோமணி. "ஒரு வரிசை போட்டுக் காட்டுங்கம்மா. இந்தப் பூவேலையை எப்படிப் போடறீங்கன்னு பார்க்கணும்."

மெட்டில்டா ஊசிகளை வாங்கி, உப்புமா கிளறப்போகிறவள்போலப் பிடித்தாள்.

"விரல்ல அடி," என்றாள் அவள்.

"கண் சரியில்லை," என்றான் அசரியா, அதே நேரத்தில்.

வேதசிரோமணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப இதை யார் பின்னினது?"

"பக்கத்து வீட்டு செல்லம்மா," என்றாள் மெட்டில்டா. "அவங்க வீட்ல எலித் தொல்லை. அதனால இங்க வச்சிருக்காங்க."

சொல்லி முடிக்கவில்லை, செல்லம்மாவே வாசலில் நின்றாள், தலையில் ஒரு நாற்காலியோடு. வருகிறவர்களுக்காக மெட்டில்டா காலையில் கேட்டிருந்த நாற்காலி.

"நாலரைக்குன்னு சொன்னியேக்கா, அதுக்குள்ள வந்துட்டாங்களா?"

"நீங்கதான் செல்லம்மாவா? சால்வை பிரமாதம்," என்றார் வேதசிரோமணி.

மெட்டில்டா கண்ணால் சாடை காட்டினாள். செல்லம்மாவுக்கு அது தூசு விழுந்த கண்ணாகத் தெரிந்தது.

"நானா? எனக்கு ஜடையே ஒழுங்கா பின்ன வராது சார். தம்பிதான் பின்னும். ஜன்னலாண்ட குந்திகினு பின்னும் பாரு, வெரலு மிசின் கணக்கா ஓடும். கண்ல இன்னாக்கா, ஊதி வுடவா?"

நாற்காலியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"நீங்களா தம்பி?" வேதசிரோமணியின் குரல் இறங்கியிருந்தது. "எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஊட்டியில," என்றாள் மெட்டில்டா அவசரமாக. "அங்க எங்க சித்தப்பா..."

"வேண்டாம்க்கா," என்றான் அசரியா. தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தான். போட்டோவில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை பொய்யின்மேல் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"சானடோரியத்துல, சார். பதினாலு மாசம் இருந்தேன். ஒரு நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. இப்ப ஒண்ணும் இல்லை, குணமாகி அஞ்சு வருஷமாகப் போகுது. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. மறைச்சது தப்பு."

வேதசிரோமணி நூல்கண்டை நாற்காலியில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். போகலாமா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அசரியா கதவைத் திறந்துவிடத் திரும்பினான்.

ஞானம்மாள் எழுந்திருக்கவில்லை. சால்வையை மடியில் வைத்தபடியே முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஆம்பளைங்க வார்டுக்கும் அந்த நர்ஸம்மாவேதான் வருவாங்களா, தம்பி? எங்க தபீதாவும் அங்க ஒரு வருஷம் இருந்து இதே பூவேலையைக் கத்துக்கிட்டவதான், இதை மட்டும் சொல்லவே இல்லையே."