பேசாமல் உட்கார வருகிறேன்

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கு,

உன் அக்காள் புருஷனும், ஊரில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து மாட்டியவனும், இப்போது உனக்கு முகம் காட்டக் கூசுகிறவனுமாகிய அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. சோபாப் பட்டறை மொத்தமும் எரிந்துபோய், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி ஊசியைக் கையால் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவனிடம் நலமா என்று கேட்டால் நீதான் என்ன எழுதுவாய்? அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ திருப்பி அனுப்பிய பலகை வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. அதன் முதுகில் நீ எழுதியிருந்ததையும் படித்தேன்: "இதைச் சொன்னது யாருன்னு பாத்தீங்களா அத்தான்?" உண்மையைச் சொல்கிறேன், பார்க்கவில்லை. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தை ரொட்டிக் கடைக்கு, முடிவெட்டும் கடைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, ஏன், என் கடைக்கே அடித்து மாட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். பக்கத்துக் கடை மின்கசிவில் உன் பட்டறை தீப்பிடித்தது என்று கேட்டதும் மனசு பதறி, உள்ளே விளக்கெல்லாம் வைத்து, ஆளை அனுப்பி அந்தக் கரிபிடித்த சுவரிலேயே மாட்டச் சொன்னேன். பாதி விளக்கு அணைந்துபோய், இருட்டினால் "உன் முடிவு" என்று மட்டும் தெருவுக்கே சிவப்பாகத் தெரியும் என்று நான் கண்டேனா? உன் மனைவி போனில் அதைச் சொன்னபோது உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

பலகை திரும்பி வந்த அன்றே கடை மேஜையில் உட்கார்ந்து, வேதாகமத்தில் அந்த வசனம் வருகிற யோபு புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். இதுவரை எனக்கு யோபு என்றால் அந்த ஒரே வசனம்தான். மச்சான், அதைச் சொன்னது கர்த்தரும் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. பில்தாத்! பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதன் யோபுவிடம் ஆறுதல் சொல்ல வந்துவிட்டு, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால் போனார்கள், நீ யோக்கியனாக இருந்தால் உன் முடிவு அமோகமாக இருக்கும் என்கிறான் அந்த மகானுபாவன். யோபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று, அதாவது தேற்ற வந்து இன்னும் வருத்துகிறவர்கள் என்று, சொல்லிவிடுகிறார். கடைசியில் கர்த்தரே வந்து, நீங்கள் என்னைக்குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று அந்தச் சிநேகிதர்களைக் கடிந்துகொள்கிறார். கர்த்தர் கடிந்துகொண்ட ஆளின் பேச்சுக்கு நான் விளக்கு வைத்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு என் புத்தி சும்மா இருக்குமா? கடைக்கு வருகிறவர்களையெல்லாம் முன்னும் பின்னும் படித்தீர்களா என்று கேட்க ஆரம்பித்தேன். நிலத்தரகர் ஒருவர் "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்" என்று பெரிய பலகை கேட்டார். அது யோசுவாவுக்கும் ஜனங்களுக்கும் ஒரு குறிப்பிட்ட தேசத்தைப் பற்றிச் சொன்னது, நீங்கள் அடுத்தவர் மனையை மிதித்தால் வழக்குத்தான் வரும் என்றேன். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். உடற்பயிற்சிக்கூட மாஸ்டர் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் எடை தூக்கும் படத்தோடு கேட்டார். அது சிறையிலிருந்த பவுல், பட்டினியோ நிறைவோ எதுவானாலும் கிறிஸ்துவின் பெலத்தால் தாங்கிக்கொள்வேன் என்று எழுதியது, எடை தூக்குவதைப் பற்றி அல்ல என்றேன். அவர் உடனே, "பட்டினி தாங்கறதுக்கா? அப்ப உடம்பு இளைக்க வர்றவங்க ரூம்ல மாட்டிடுங்கண்ணே" என்றார். அவரை என்ன செய்வது, நீயே சொல்.

சிரித்தாயா? சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வந்து, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் தீ என்று சொல்லிவிட்டுப் போன நம் சபை மூப்பர், வாசல் பலகை செய்ய என் கடைக்கு வந்தார். அவர் சொன்ன நாளிலிருந்துதான் நீ சபைப் பக்கமே போவதில்லை என்று எனக்குத் தெரியும். சும்மா விடுவேனா? "ஐயா, தீ மறைவா வரலையே. பக்கத்துக் கடை ஒயர்லேர்ந்து ஊரே பாக்க வந்துச்சு" என்று சொல்லி, யோபுவைத் திறந்து கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தவர் மெல்ல உட்கார்ந்தார். "நான் அவன்கிட்ட பேசினது அப்படியே இதுல இருக்கேப்பா" என்றார். பலகையை மறந்து போய்விட்டார். மறுநாள் வந்து, "நீ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. நான் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

உன் அக்கா கேட்டாள்: "ஆனா யோபுவுக்கு முடிவு நல்லாத்தானே ஆச்சு?" ஆனது. பில்தாத் சொன்ன காரணத்தால் இல்லை, கர்த்தருடைய இரக்கத்தால். அதுவும், தன்னை வதைத்த சிநேகிதர்களுக்காக யோபு வேண்டிக்கொண்டபோது. ஆகவே எங்களுக்காக நீதான் ஜெபிக்க வேண்டும் மச்சான். உன் பட்டறை மறுபடி எழும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், அது என் கையில் இல்லை. எழும்பும் என்று நம்புகிறேன், அது வேறு.

அந்தச் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஆரம்பத்தில் இருக்கிறது. யோபுவின் வேதனையைப் பார்த்து, ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. எத்தனையோ பேர் சுகமாக உட்கார வேண்டும் என்று பாடுபட்டவன் நீ. உன் பக்கத்தில் வந்து உட்கார நாங்கள் ஒருவரும் வரவில்லையே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நானும் உன் அக்காவும் மூப்பரும் வருகிறோம். நான் வாயே திறக்கமாட்டேன். அந்தப் பலகையையும் கொண்டுவருகிறேன். எழுத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன், விளக்குகள் இப்போது முழுசாக எரிகின்றன. என்றைக்காவது உனக்குத் தோன்றினால், என்ன எழுத வேண்டும் என்று நீ சொல்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. இதையும் முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் அக்கா படித்துவிட்டாள். "பேசாம உக்காரப் போறேன்னு சொல்றதுக்கு இத்தனை பக்கமா? எல்லாத்தையும் அடிச்சிட்டு ஒரு வரி வைங்க. பஸ்ல வர்ற வழியெல்லாம் உங்களைப் பேசவிட்டு, காலி பண்ணித்தான் அவன் வீட்டுக்குள்ள விடுவேன்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள். மிச்சம் இதுதான்: வருகிறோம், கதவைத் திற.