முட்டை போய்ச் சேரும் நேரம்

பதினொரு மணிக்கு மூட்டை தூக்க வேண்டுமென்றால் முட்டையை எத்தனை மணிக்குத் தின்ன வேண்டும்?

கிடங்கு வாட்ச்மேனுக்கு இதுதான் கவலை. வயது ஐம்பத்தாறு. மூட்டை தூக்கும் பரீட்சையில் தேறாத வாட்ச்மேனுக்கு வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு எவன் வேலை தருவான்?

ஜிம்முக்குப் போகிற மச்சினன் கணக்குப் போட்டுக் கொடுத்தான். "முட்டை செரிச்சு சத்து உடம்புல சேர மூணு மணி நேரமாவது ஆகும், மாமா. எட்டு மணிக்கு ஆறு சாப்பிடுங்க."

சாப்பிட்டார். பத்தே முக்காலுக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"டெஸ்ட் ஒரு மணிக்கு."

வாட்ச்மேனுக்குப் பகீரென்றது. ஆறு முட்டையின் பலமும் நாற்காலியிலேயே வீணாகிறதே! மச்சினனுக்குப் போன் போட்டார்.

"நான் குடுத்த புரோட்டீன் பவுடரைக் கரைச்சுக் குடிங்க. அது சீக்கிரம் செரிச்சிடும்."

பயத்தில் இரண்டு கரண்டிக்கு நாலாகப் போட்டுக் குடித்தார். வயிறு கடமுடா என்றது. பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு வாட்ச்மேன், நெட்டை, ஒரு கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, உள்ள லாரி கீரி ஓடுதா?"

"சும்மா இருடா. உனக்கென்ன, சின்ன வயசு."

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடியும் மேனேஜர். "மூணு மணிக்கு வச்சுக்கலாம்."

அழுகையே வந்துவிட்டது. மச்சினன் சலிக்கவில்லை. "இப்ப நின்னு நிதானமாச் செரிக்கிறது வேணும், மாமா. பால்தான் சரி."

ஒரு லிட்டர் பால் உள்ளே போனது. முட்டையும் பவுடரும் பாலும் வயிற்றுக்குள் கைகலப்பில் இறங்கின. இரண்டரைக்குள் நாலு தடவை கழிவறைக்கு ஓடினார். கஷ்டப்பட்டுச் சேர்த்த சத்தெல்லாம் போகிறதே என்று ஒவ்வொரு தடவையும் வயிற்றெரிச்சல் வேறு.

மூன்று மணிக்கு வாசலில் லாரி வந்து நின்றது. ஆளுக்கு நாற்பது மூட்டை, லாரியிலிருந்து கிடங்குக்குள். மேனேஜர் கையில் நோட்டுடன் நின்றார்.

"நடுவுல கழிவறைக்குப் போனா ஃபெயில்."

வாட்ச்மேன் பல்லைக் கடித்தார். எதை எதையோ அடக்கிக்கொண்டு தூக்கினார். இருபதாவது மூட்டையில் கண் இருட்டியது. முப்பதில் முழங்கால் மடங்கியது. வீட்டில் இருப்பவள் முகத்தை நினைத்துக்கொண்டு எழுந்தார். நாற்பதாவதை இறக்கி வைத்தபோது நெட்டைக்கு இன்னும் மூன்று பாக்கி.

"முடிச்சிட்டேன் சார். தேறிட்டேனா?"

"சாயந்திரம் கூப்பிட்டுச் சொல்றேன்." மேனேஜர் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

வாட்ச்மேன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வயிறு வலித்தது, ஆனாலும் மனது நிறைந்திருந்தது. டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ரெண்டு தடவை டெஸ்ட்டைத் தள்ளி வச்சும் தூக்கிட்டேன் பார்த்தியா, தம்பி?"

"டெஸ்ட்டா? லோடுமேன் கிடைக்கல, வண்டியும் பஞ்சர், லேட்டாகும்னு நான் ரெண்டு தடவை போன் பண்ணேன், அண்ணே. 'மெதுவா வா, வாட்ச்மேனுங்களுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள், இறக்கி வச்சுட்டுத்தான் போவாங்க'ன்னாரு உங்க மேனேஜர்."